ஆறாம் வகுப்புக்கு வந்தும் வாசிப்பு வரவில்லையா? அ, ஆ-விலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 31 பேர். அதில் 11 பேருக்கு ஒரு வரிகூட வாசிக்க வரவில்லை. இந்த 11 பேரில் 6 பேர் வீட்டில் கன்னடம், 3 பேர் தெலுங்கு, 2 பேர் தமிழ். தினமும் உயிர்மெய் வரிசையை எழுதிவரச் சொல்கிறேன். அழகாக எழுதிவருகிறார்கள், வாசிக்கத்தான் தெரியவில்லை. மறுபடியும் அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டுமா? 'வீட்டில் தமிழ் பேசுங்கள்' என்று பெற்றோரிடம் சொல்லலாமா? இது கற்றல் குறைபாடாக இருக்குமோ? ஒரு மாணவி முதல் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள், புத்தகத்தை மூடிவிட்டாலும் வாசிக்கிறாள்! அவளை என்ன செய்வது? இதற்கிடையில் பாடத்தையும் முடித்தாக வேண்டும்.

பதில்:

வணக்கம் டீச்சர். அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டாம். ஐந்து வருடமாக அவர்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தான். க, கா, கி, கீ என்று வரிசையாகச் சொல்லும்போது வாய் பாட்டு மாதிரி தானே ஓடும். 'கே' என்பதை மட்டும் தனியாக எழுதிக் காட்டுங்கள். பாதிப் பேர் 'க'-விலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் அந்த இடத்தில் நிற்பார்கள். வரிசை தெரிவது வேறு, எழுத்து தெரிவது வேறு. எழுதிவரும் வீட்டுப்பாடமும் இப்படித்தான். பார்த்து எழுதும்போது கண்ணும் கையும் வேலை செய்கின்றன, காதுக்கும் வாய்க்கும் அங்கே வேலையே கிடையாது. ஒலி தெரியாமலே கோலம் போடுவதுபோல எழுத்தைப் போட்டுவிடலாம்.

11 பேரையும் 'வாசிக்கத் தெரியாதவர்கள்' என்று ஒரே கூடையில் போட்டாலும், ஒவ்வொருவருக்கும் நூல் அறுந்திருக்கும் இடம் வேறு. அது எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. தனித்தனியாகக் கூப்பிட்டுப் பாருங்கள், ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டு நாள் மதிய இடைவேளையில் 11 பேரையும் பார்த்துவிடலாம்.

ஐந்து துண்டுத் தாள் தயார் செய்யுங்கள். முதல் தாளில் அகரம் ஏறிய உயிர்மெய் எழுத்துகள் 12-ஐக் கலைத்துப்போட்டு எழுதுங்கள்: ம, ட, வ, க, ற, ப, ந, ச, ல, த, ய, ழ. இரண்டாவதில் துணைக்குறி இல்லாத சொற்கள்: படம், மரம், பட்டம், சக்கரம். மூன்றாவதில் ஔகாரம் தவிர ஒவ்வொரு குறிக்கும் ஒரு சொல்: பாடம், கிளி, வீடு, குடம், பூனை, செடி, தேள், கை, கொடி, கோழி. நான்காவதில் பொருளே இல்லாத சொற்கள்: தெமு, நூசை, பீளோ, லைவு, கோடெ. ஐந்தாவதில் அவர்கள் இதுவரை பார்த்திராத நான்கு வரிகள். நான்காவது தாள் விளையாட்டுபோலத் தெரியும், ஆனால் அதுதான் உண்மையைச் சொல்லும். 'கோழி' என்ற சொல்லை முன்பே நூறு தடவை பார்த்த பிள்ளை அதன் உருவத்தை வைத்தே ஊகித்துவிடும். 'கோடெ' என்பதை ஊகிக்க வழியில்லை, எழுத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

சோதிக்கும்போது திருத்தாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். ஐந்து நொடி காத்திருங்கள், வராவிட்டால் அடுத்ததைக் காட்டுங்கள். உங்கள் கையில் இருக்கும் பிரதியில் சரி, தவறு என்று குறிப்பதோடு நிறுத்தாமல், பிள்ளை வாயில் வந்ததை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை விட்டுவிட்டால் சோதனையே வீண்.

ஒரு தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஒரு பையன் ம, ட, வ எல்லாம் சரியாகச் சொல்கிறான். படம், பட்டம் வருகிறது, பாடம், கிளி வருகிறது. 'செடி' வந்ததும் திணறி 'சடி' என்கிறான். 'தேள்' என்பது 'தெள்' ஆகிறது. 'கொடி'-யைக் 'காடி' என்கிறான், 'கோழி'-யைக் 'கேழி' என்கிறான். 'குடம்' வருகிறது, 'நூசை'-யில் முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறான். இவனுக்கு எழுத்து தெரியாது என்று சொன்னால் அநியாயம். மெய்யும் புள்ளியும் தெரியும், துணைக்கால் (ா) தெரியும், மேல்விலங்கு (ி) தெரியும். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்புதான் அவனுக்குச் சிக்கல். இரண்டு பக்கமும் குறி வந்தால் ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறான். அவனுக்கு வேண்டியது 247 எழுத்து அல்ல, ஐந்தாறு குறிகள்.

247 என்ற எண்ணே பிள்ளைகளை மட்டுமல்ல, ஆசிரியர்களையும் மிரட்டிவைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, துணைக்குறி 11, புள்ளி 1, மொத்தம் 43. மிச்சமெல்லாம் சேர்க்கைதான். ஆனால் இந்தச் சேர்க்கை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடப்பதில்லை என்பதும் உண்மை. பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த ஒழுங்கற்ற இடங்களில்தான்.

முதல் இடம் கொம்பு. வாயில் 'க்' முதலில் வருகிறது, 'எ' பிறகு வருகிறது. தாளிலோ கொம்பு முதலில், க பிறகு. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு இது தலைகீழ். ஒற்றைக்கொம்புக்கும் (ெ) இரட்டைக்கொம்புக்கும் (ே) உள்ள வேறுபாடும் ஒரு சின்னச் சுழிதான். ஓலைச்சுவடிக் காலத்தில் அந்தச் சுழியே கிடையாது, வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். பெரியவர்களே பல நூறு வருடம் அது இல்லாமல் சமாளித்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் பிள்ளைகள்மேல் கோபம் குறையும்.

இரண்டாவது இடம் உகரமும் ஊகாரமும். மற்ற குறிகளெல்லாம் எந்த மெய்யோடு சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரே உருவம். உகரம் மட்டும் மூன்று விதமாக மாறுகிறது. சு, பு, வு, யு, ஙு ஆகியவற்றில் கோடு கீழே இறங்கும். து, நு, லு, று, னு, ணு, ஞு ஆகியவற்றில் கீழே போய்ச் சுற்றி மேலே ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளையும். இரண்டாவது கூட்டத்தை நெடிலாக்கும்போது தூ, நூ, லூ என்று கால்போல ஒன்று ஒட்டிக்கொள்கிறது. நம் பையன் 'நூசை'-யில் நின்றது இதனால்தான். உகரத்தை ஒரே நாளில் 18 எழுத்துக்கும் எழுதிப் போட்டால் யாருக்கும் தங்காது. கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மூன்று நான்கு நாள் கொடுங்கள்.

இதனால் குறிகளைப் புத்தக வரிசையில் கற்பிக்க வேண்டாம் என்பேன். வலப்பக்கமும் மேலேயும் வரும் ா, ி, ீ மூன்றும் முதல் வாரம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு (ை) மூன்றுக்கும் இரண்டு வாரம். ொ, ோ ஒரு வாரம். உகர ஊகாரத்துக்கு இரண்டரை வாரம். ஔகாரத்துக்கு ஒரு நாள் போதும், பௌர்ணமி, கௌதாரி என்று இரண்டு சொல்லைக் காட்டிவிட்டு நகருங்கள். ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் பிள்ளைகளின் பெயர்களிலேயே இருக்கும், வருகைப் பதிவேட்டை வைத்தே சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆக ஏழு வாரம். மீதி ஐந்து வாரம் முழுக்க வாசிப்பு. 12 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 45 நிமிடம் என்றால் மொத்தம் 45 மணி நேரம். முன்னதாகவே தேறிவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

எழுத்தைப் பிடிக்க இவ்வளவு நாளாகிறதே என்று மலைக்க வேண்டாம். கன்னட எழுத்துகளைப் பிள்ளைகள் கற்கும் வேகத்தைப் பற்றி சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்பிலும் எழுத்துக் கற்றல் முடிந்துவிடுவதில்லை என்று கண்டார். உயிரும் மெய்யும் சேர்ந்து புதிய உருவம் எடுக்கும் எழுத்துமுறை எதற்கும் இது ஓரளவு பொருந்தலாம். நமது பாடத்திட்டமோ முதலிரண்டு வகுப்பிலேயே எழுத்து முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஓடுகிறது.

இனி அந்த 45 நிமிடம். இதற்குத் தேவை பழைய தினசரிக் காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், மார்க்கர். க, ச, ம, ல், ா, ெ, ே என்று ஏழு துண்டு வெட்டுங்கள். மேசைமேல் 'கல்' வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் துணைக்காலை நுழைத்துவிடுங்கள், 'கால்'. முன்னால் இரட்டைக்கொம்பை வையுங்கள், 'கோல்'. அதை எடுத்து ஒற்றைக்கொம்பு, 'கொல்'. க-வை எடுத்து ச, 'சொல்'. காலை உருவுங்கள், 'செல்'. ச-வுக்குப் பதில் ம, 'மெல்'. கொம்பை மாற்றுங்கள், 'மேல்'. ஏழு துண்டில் எட்டுச் சொல், ஒவ்வொரு அடியிலும் மாறியது ஒரே ஒரு துண்டு. எது மாறியது, ஒலி எங்கே மாறியது என்று பிள்ளையே சொல்ல வேண்டும். அடுத்த நாள் துண்டுகளை அவர்கள் கையில் கொடுத்து, நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள், அவர்கள் மாற்றி வைக்கட்டும். 'கோல்' என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். அப்போது இரண்டு துண்டையும் ஒரே விரல் அகலத்துக்கு நெருக்கி, 'இது ஒன்று, பக்கத்துக்கு ஒரு கை' என்று காட்டுங்கள்.

இந்தத் துண்டு வேலைக்கு 15 நிமிடம். அதற்கு முன் ஐந்து நிமிடம் காதுக்கு மட்டும்: எடு-ஏடு, கெடு-கேடு, கொடு-கோடு, தொடு-தோடு, பொது-போது. எழுதாமல் வாயால் சொல்லுங்கள், நெடில் கேட்டால் கையை நீட்டட்டும், குறில் என்றால் மடக்கட்டும். குறில் நெடிலைக் காது பிரிக்காவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. பிறகு 15 நிமிடம் வாசிப்பு. கடைசிப் பத்து நிமிடம் சொல்வதெழுதுதல், ஐந்தே சொல். மூன்று சொல் அன்றைய குறியில், இரண்டு பழையது. எழுதியதும் அங்கேயே திருத்தம்: தவறான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லாமல், எந்தத் துண்டு தவறு என்று வட்டம் போட்டு, சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒரே முறை சரியாக எழுதச் சொல்லுங்கள்.

சேர்ந்து வாசிப்பதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது மூன்று பேர் வாசிப்பார்கள், மற்ற ஏழு பேர் அரை நொடி தாமதமாக எதிரொலிப்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். சுட்டுவிரல் சொல்லின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் திடீரென்று நிறுத்தி 'விரல் எங்கே?' என்று கேளுங்கள். தெரிந்துவிடும்.

வாசிப்புக்கான பாடம் எங்கிருந்து? முதல் வாரங்களில் பாடநூலை எடுக்காதீர்கள். பேருந்துப் பலகையை எடுங்கள். தளி, பேரிகை, ஓசூர், பாகலூர், சூளகிரி, கெலமங்கலம், ராயக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டை. பதினொரு குறியில் ஏழு இந்தப் பத்து ஊரில் வந்துவிடுகின்றன. எல்லா ஊரும் அவர்கள் காதுக்குப் பழக்கம், எழுத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். அட்டையில் எழுதி, 'எந்த பஸ்ஸில் ஏறுவாய்?' என்று கேட்டால் விளையாட்டாகவும் போகும்.

அதன்பிறகு பிள்ளைகள் சொல்வதையே பாடமாக்குங்கள். ஒருவன் ஒரு செய்தி சொல்லட்டும், கரும்பலகையில் நீங்கள் எழுதுங்கள். 'நேத்து ராத்திரி யானை வந்தது. அப்பா தகரம் தட்டினார். நாய் குரைத்தது. யானை ராகிக் கொல்லையில் இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தோம். பாதி ராகி இல்லை.' இதை வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் ஆர்வமூட்ட வேண்டியதில்லை. 'நேத்து' என்று சொன்னால் முதல் இரண்டு வாரம் அப்படியே எழுதுங்கள், இலக்கணம் படித்தவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். வாசிப்பு ஓடத் தொடங்கியதும் 'நேற்று' என்று எழுதி, நாம் இதைத்தான் 'நேத்து' என்கிறோம் என்று சொல்லிவிடலாம். இப்படி 20 பத்தி சேர்ந்தால் அது ஒரு நூலகம்.

ஒரே பத்தியை ஒருவர் மூன்று முறை வாசிக்கட்டும். முதல் முறை தட்டுத்தடுமாறி, மூன்றாவது முறை ஓரளவு ஓட்டமாக. வேகத்தை அளக்க விரும்பினால் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணாதீர்கள். அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்கு ஏற்பட்டது. 'வந்துகொண்டிருந்தார்கள்' தமிழில் ஒரே சொல், 12 எழுத்து. 'கை'-யும் ஒரே சொல்தான். ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணி, தேதி போட்டு அவரவர் நோட்டில் எழுதுங்கள். போன வாரம் 38, இந்த வாரம் 51 என்று தன் நோட்டில் தானே பார்ப்பது போதும். வகுப்புச் சுவரில் ஒட்டி ஒருவரோடு ஒருவரை ஒப்பிட வேண்டாம்.

இப்போது மொழிக்கு வருவோம். வீட்டில் தமிழ் பேசச் சொல்லி பெற்றோரைக் கேட்காதீர்கள். தாய் தனக்குச் சரளமாக வராத மொழியில் பேசத் தொடங்கினால் பேச்சே குறைந்துபோகும். கதை குறையும், ஏன் எதற்கு என்ற விளக்கம் குறையும், 'சாப்பிடு', 'படி', 'தூங்கு' மட்டும்தான் மிஞ்சும். ஒரு மொழியில் ஆழமாகப் பேசவும் யோசிக்கவும் பழகிய பிள்ளைக்கு அந்தத் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்பது இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலிருந்து சொல்லிவரும் கருத்து. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. பெற்றோரிடம் இப்படிக் கேளுங்கள்: 'ராத்திரி அவனிடம் பள்ளியில் என்ன நடந்தது என்று உங்கள் மொழியிலேயே கேளுங்கள், ஐந்து நிமிடம் அவன் பேசட்டும்.'

அதே கம்மின்ஸ் சொன்ன இன்னொன்றும் உங்கள் வகுப்புக்கு முக்கியம். விளையாட்டுத் திடலில் பேசும் அளவுக்கு இரண்டாம் மொழி வர இரண்டு ஆண்டு போதும், பாடநூல் மொழி பிடிபட ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். 'நன்றாகத் தமிழ் பேசுகிறான், பாடம் மட்டும் ஏன் புரியவில்லை' என்ற புகாருக்கு இதில் விடை இருக்கிறது.

கன்னடமும் தெலுங்கும் தமிழுக்குப் பக்கத்து வீடு. இதை நாம் வகுப்பில் பயன்படுத்துவதே இல்லை. பால்-ஹாலு, பல்-ஹல்லு, பத்து-ஹத்து, பூ-ஹூவு என்று கன்னடப் பிள்ளைகளிடம் கேட்டு இரண்டு பத்தியாக எழுதுங்கள். தமிழில் ப வரும் இடத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஹ வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தலை-தலே, இலை-எலே, மழை-மளே என்று எழுதினால் இணைக்கொம்பு ஒரே நாளில் பதியும். சோதனையில் 'மழை'-யை ஒரு பிள்ளை 'மளே' என்று வாசித்தால் தவறு போடாதீர்கள். அவன் வாசித்துவிட்டான், பொருளையும் பிடித்துவிட்டான், அம்மா சொல்லும் சொல் வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

குழப்பும் சொற்களும் உண்டு. கன்னடத்தில் 'மேகே', தெலுங்கில் 'மேக' என்றால் ஆடு. 'மேகம் மலைமேல் ஏறியது' என்ற வரியில் அவர்கள் என்ன காட்சியைப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள்! தெலுங்கில் 'வான' என்றால் மழை, தமிழில் வானம் வேறு. இப்படிப்பட்டவற்றைக் கண்டதும் அட்டையில் எழுதி ஒட்டிவையுங்கள், சிரித்துக்கொண்டே மறக்க மாட்டார்கள்.

ஒலியில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர்கள் மொழிகளில் 'கல்'-லில் வரும் க-வுக்கும் 'தங்கம்' என்பதில் வரும் க-வுக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒன்றே. அவர்கள் காது கூர்மையாகப் பிரிப்பதால்தான் குழம்புகிறார்கள். வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வலுத்து ஒலிக்கும், ங், ஞ், ண், ந், ம் இவற்றுக்குப் பின்னால் மெலிந்து ஒலிக்கும். 'கெலமங்கலம்' என்ற பெயரில் இரண்டு ஒலியும் இருக்கிறது, அதையே காட்டுங்கள். 'பாகலூர்' போல விலகும் பெயர்களும் உண்டு, அவை ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிடலாம். இன்னொரு பக்கம், ல-ள வேறுபாடு கன்னடப் பிள்ளைகளுக்குத் தெளிவாகவே தெரியும். 'ஹல்லு'-வில் வருவதும் 'ஹள்ளி'-யில் வருவதும் வேறு என்று அவர்களைச் சொல்லவிட்டால், தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கே அவர்கள் கற்றுக்கொடுப்பார்கள். ழகரம் இன்றைய இரண்டு மொழியிலும் இல்லை, நம் மாவட்டத் தமிழிலும் பலருக்கு ள-தான். உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எழுத்தை அடையாளம் கண்டால் இப்போதைக்குப் போதும்.

ஐந்தாவது தாளிலும் பாடத்திலும் பொருள் கேட்கும்போது, விடையை அவர்கள் மொழியிலேயே சொல்ல விடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பக்கத்துப் பையன் மொழிபெயர்ப்பான். புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கேள்வி, தமிழில் சொல்ல வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டுமே தெரியாமல் போகும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு: இதற்கென்று தனி நேரம். வதோதராவிலும் மும்பையிலும் நடந்த 'பால்சகி' ஆய்வு (அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் 2007-இல் வெளியிட்டது), பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே கூட்டி அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்று காட்டியது. பிறகு வேறு மாநிலங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அட்டைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நேரம் ஒதுக்காத இடத்தில் அட்டைகள் அலமாரியில் தூங்கின. ஹரியானாவில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரித்தபோது வாசிப்பு ஏறியது. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே அடிப்படைதான்.

உங்கள் பள்ளியில் கைவசம் உள்ளது தமிழ்ப் பாடவேளையும், குறைதீர் கற்பித்தலுக்குக் கொடுத்திருக்கும் நேரமும். விளையாட்டுப் பாடவேளையில் கை வைக்காதீர்கள், வாசிப்பைத் தண்டனையாக மாற்ற அதைவிடச் சுலபமான வழி இல்லை. தலைமையாசிரியரிடம் பேசி ஏழாம், எட்டாம் வகுப்பில் இதே நிலையில் இருக்கும் பிள்ளைகளையும் ஒரே குழுவாக ஒரே நேரத்தில் சேர்த்துவிட்டால், மூன்று ஆசிரியர்கள் மூன்று முறை செய்வதை ஒருவர் செய்யலாம். இந்தக் குழுவுக்கு 'ஸ்லோ லேர்னர்' என்று பெயர் வைக்க வேண்டாம். பெயர் ஒட்டிக்கொள்ளும், எழுத்து ஒட்டாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்து, தேறியவரை அன்றே அனுப்பிவிடுங்கள்.

மீதி 20 பேர் அந்த நேரத்தில் நூலகப் புத்தகமோ, பாடத்தின் பின்பகுதிப் பயிற்சியோ செய்யட்டும். பாடம் முடிப்பதைப் பொறுத்தவரை, 11 பேருக்கும் பாடத்தை வாயால் சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள், விவாதத்தில் பேசவிடுங்கள். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காகப் பொருளையும் சேர்த்து இழக்க வேண்டியதில்லை. வளரறி மதிப்பீட்டில் வாய்மொழியாகக் கேட்கக்கூடியதை வாய்மொழியாகவே கேளுங்கள்.

ஊரில் இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்பில் பணியாற்றிய தன்னார்வலர் யாராவது இருந்தால் அவரையும் இழுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டில் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஆனால் யானை நடமாட்டம் உள்ள ஊரில் மாலை வகுப்பு இருட்டுக்கு முன் முடிந்தாக வேண்டும்.

வருகையைக் கவனியுங்கள். மாங்காய்ப் பறிப்பு, ஊர்த் திருவிழா, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன பெற்றோரோடு பத்து நாள் என்று இந்த 11 பேரில் சிலர் அடிக்கடி காணாமல் போவார்கள். வாசிப்பு நின்றதற்குப் பாதிக் காரணமே அதுவாக இருக்கலாம். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கற்ற குறிகளை டிக் செய்த ஓர் அட்டை இருந்தால், திரும்பி வரும் நாளில் எங்கே விட்டானோ அங்கே தொடரலாம். குழு எங்கே இருக்கிறதோ அங்கே அவனைத் தூக்கிப் போட்டால் மறுபடியும் அறுந்துவிடும்.

கற்றல் குறைபாடா என்ற கேள்விக்கு இப்போதே விடை தேடாதீர்கள். முதலில் கண். கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கரும்பலகை எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், பிறகு மறு கண். அடுத்தது காது: பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்து, ஒழுங்காக வந்து, ஆறு வாரத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று குறிகூடத் தங்கவில்லை, நேற்று தெரிந்தது இன்று துடைத்ததுபோல் போய்விடுகிறது என்றால் அப்போது வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் கையில் அந்த ஆறு வாரக் குறிப்பு இருந்தால் அவர் வேலை பாதி முடிந்தது. போகும்முன் வீட்டாரிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டு மொழியில் பேசவும், பாட்டு நினைவு வைக்கவும், சொன்ன வேலையைச் செய்யவும் சிரமப்படுகிறானா? தமிழில் மட்டும்தான் சிரமம் என்றால் அது பெரும்பாலும் குறைபாடல்ல, புது மொழி. 11 பேரில் ஒன்பது பேருக்கு வீட்டு மொழி வேறு என்பதை மறக்க வேண்டாம். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அந்த இரண்டு பேரைத்தான் இந்த வகையில் நான் முதலில் கவனிப்பேன்.

கடைசியாக, புத்தகத்தை மூடிக்கொண்டு வாசிக்கும் அந்தப் பெண். அவளுக்கு ஞாபகசக்தி அபாரம், அதை வைத்தே ஐந்து வகுப்பு தாண்டிவந்திருக்கிறாள். திட்டாதீர்கள், மற்றவர்கள் முன் அம்பலப்படுத்தவும் வேண்டாம். அவளுக்கு மனப்பாடமான அதே பாடத்தை எடுத்து, ஐந்து வரியைத் தாளில் எழுதி, வரிவரியாக வெட்டிக் கலைத்துக் கொடுங்கள், வரிசைப்படுத்தட்டும். வாய்க்குப் பாடம் தெரியும் என்பதால், ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்பதை மட்டும் கண் தேடினால் போதும். மறுநாள் ஒரு வரியைச் சொல் சொல்லாக வெட்டுங்கள். அதற்கடுத்த நாள், ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைச் செருகிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமாக ஓடிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்று, தாளைக் குனிந்து பார்த்தால், அன்றைக்கே அவளைத் துண்டு அட்டை மேசைக்கு அழைத்துக்கொள்ளலாம்.